யு.சி.எல்.ஏ. மகளிர் சீருடற்பயிற்சி அணி: ஒரு வரலாறு, ஒரு பாடம்



ஆண்டுத் தொடக்கத்தில் புறப்பாட நடவடிக்கைப் பொறுப்புப் பட்டியல் ஒட்டப்படும் நாளை எந்த ஆசிரியராலும் மறக்க முடியாது. நான் பணியில் சேர்ந்த முதலாண்டு, என் பெயருக்கு நேரே 'வலைப்பந்து' என்று இருந்தது. வலைப்பந்தை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது. "எனக்கு விதிமுறையே தெரியாதுங்களே ஐயா" என்றேன். "தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க? படிச்சுக்குங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

தெரியாத ஒன்றைக் கற்பிக்க நிற்கும்போது நாம் என்ன செய்வோம்? தெரிந்தவர் மாதிரி நடிப்போம். நானும் அதையே செய்தேன். பக்கத்துப் பள்ளிப் பயிற்றுநர் எப்படிக் கத்துவாரோ அப்படிக் கத்தினேன். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

இதே சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒருவர், உலகத்தின் மிகச் சிறந்த கல்லூரி அணிகளில் ஒன்றை உருவாக்கினார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். அந்த அணி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மகளிர் சீருடற்பயிற்சி அணி. சீருடற்பயிற்சி என்றால், பேச்சு வழக்கில் நாம் ஜிம்னாஸ்டிக்ஸ் என்கிறோமே, அதுதான். அந்தப் பல்கலைக்கழகத்தை உலகம் யு.சி.எல்.ஏ. என்று சுருக்கி அழைக்கிறது.

1. சட்டம் திறந்துவிட்ட கதவு

இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் மகளிர் அணிகள் இருப்பது இயல்பான செய்தி. 50, 60 ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. கல்லூரி விளையாட்டுக்கான பணம், பயிற்சிக்கூடம், உபகாரச் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் ஆண்களுக்கே போய்ச் சேர்ந்தன.

1971இல் மகளிர் கல்லூரி விளையாட்டுகளுக்கென ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற தனி அமைப்பு தோன்றியது. அடுத்த ஆண்டே, 1972 ஜூன் மாதத்தில், 'டைட்டில் நைன்' எனப்படும் சட்டப்பிரிவு நடப்புக்கு வந்தது. அரசாங்க நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அந்தச் சட்டவாசகத்தில் 'விளையாட்டு' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் விளையாட்டும் கல்வித் திட்டத்தின் ஒரு பகுதிதானே? அந்த வழியாகத்தான் கதவு திறந்தது. கல்லூரிகள் மகளிர் அணிகளுக்கும் இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்திலேயே யு.சி.எல்.ஏ. பெயர் வாங்கத் தொடங்கிவிட்டது. 1980ஆம் ஆண்டு தேசியப் போட்டியில் ஷாரன் ஷபீரோ என்ற மாணவி, நான்கு கருவிகளிலும் ஒட்டுமொத்தப் பிரிவிலும் முதலிடம் பெற்றார். ஐந்துக்கு ஐந்து!

1981-82 பருவத்தில், ஆண்களின் போட்டிகளை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. அமைப்பு மகளிர் போட்டிகளையும் எடுத்துக்கொண்டது. முதல் மகளிர் சீருடற்பயிற்சிக் கிண்ணம் 1982இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1980களின் நடுப்பகுதி வரை யூட்டாவை அசைக்க ஆளில்லை. யு.சி.எல்.ஏ.வின் முதல் கிண்ணத்துக்கு இன்னும் 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

2. புள்ளிக் கணக்கு எப்படி?

மேலே போகும் முன் இதைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். புரிந்தால்தான் பின்னால் வரும் 2018ஆம் ஆண்டுக் கதையின் பதற்றம் விளங்கும்.

மகளிர் பிரிவில் நான்கு கருவிகள். ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாவுவது வால்ட். உயரமும் தாழ்வுமாக நிற்கும் இரண்டு கம்பிகளில் சுழல்வது பார்ஸ். சமநிலைக் கட்டையின்மேல் செய்வது பீம். இசைக்கு ஏற்பத் தரைவிரிப்பில் செய்வது ஃப்ளோர். இவற்றில் பீம்தான் எல்லாரையும் நடுங்க வைக்கும். 5 மீட்டர் நீளம், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம். அகலமோ வெறும் 10 சென்டிமீட்டர். நம் பாடநூலின் அகலம்கூட இல்லை. அதன்மேல் பின்புறமாகக் கரணம் அடித்துவிட்டுக் கால் மாறாமல் நிற்க வேண்டும்.

கல்லூரிப் போட்டியில் ஒவ்வொரு கருவியிலும் ஓர் அணியின் ஆறு பேர் இறங்குவார்கள். அவர்களில் சிறந்த ஐவரின் புள்ளிகள் மட்டுமே சேரும். ஒருவருக்கு உச்ச அளவு 10. ஆக ஒரு கருவிக்கு 50, நான்கு கருவிகளுக்கும் சேர்த்து 200.

ஒலிம்பிக்கில் இந்த 'பத்துக்குப் பத்து' இப்போது இல்லை. 1976இல் மொண்ட்ரியலில் நாடியா கொமனேச்சி வாங்கிய 10 உலகப் புகழ் பெற்றது. ஆனால் 2006இல் அனைத்துலகக் கூட்டமைப்பு அந்த முறையைக் கைவிட்டு, செயலின் கடினத்துக்குத் தனிப் புள்ளி, நேர்த்திக்குத் தனிப் புள்ளி என்று மாற்றிவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகள் மட்டும் பழைய 10ஐ விடவில்லை. அதனால் கல்லூரிப் போட்டியில் மேலும் மேலும் ஆபத்தான வித்தையைச் சேர்ப்பதைவிட, எடுத்துக்கொண்டதைப் பிசகின்றிச் செய்வதே பெரிதாகிறது. பார்வையாளருக்கும் கணக்கு எளிது. 'பத்து வாங்கிட்டா' என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

3. நடனமணி பயிற்றுநரான கதை

1980களின் தொடக்கத்தில் வேலரி கோண்டோஸ் என்ற இளம்பெண் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தார். அவர் பாலே நடனக் கலைஞர். சீருடற்பயிற்சி வீராங்கனை அல்ல. அதில் ஒருநாளும் போட்டியிட்டவரும் அல்ல. மாணவிகளின் தரைப் பயிற்சிக்கு நடன அசைவுகள் அமைத்துத் தருவதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 1990-91 பருவத்தில் அவரையே தலைமைப் பயிற்றுநராக நியமித்துவிட்டார்கள்! பிற்காலத்தில் உலகம் அவரை வேலரி கோண்டோஸ் ஃபீல்ட் என்றும், மாணவிகள் செல்லமாக 'மிஸ் வேல்' என்றும் அழைத்தனர்.

முதல் சில ஆண்டுகள் அவர் என்ன செய்தார் தெரியுமா? அவரே பின்னாளில் மேடைகளில் வெளிப்படையாகச் சொன்ன செய்தி இது. வெற்றிபெற்ற மற்றப் பயிற்றுநர்களைப் பார்த்து நகல் எடுத்தார். அவர்கள் கடுமையாக இருந்தார்கள்; இவரும் கடுமையானார். அவர்கள் சிரிக்கவில்லை, இவரும் முகத்தை இறுக்கிக்கொண்டார். கத்தினார், குறை சொன்னார், யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அணியோ கீழே போயிற்று.

ஒருநாள் மாணவிகள் தாங்களே ஒரு கூட்டம் வேண்டுமென்று கேட்டார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அவருடைய நடத்தை தங்களை எப்படியெல்லாம் காயப்படுத்தியது என்பதை ஒவ்வொருவராக எடுத்துக்காட்டுடன் சொன்னார்கள். அவர் எழுந்து போகவில்லை. உட்கார்ந்து கேட்டார்.

அந்தக் காலகட்டத்தில்தான் ஜான் வூடன் எழுதிய ஒரு வரையறை அவர் கண்ணில் பட்டது. வூடன் யார்? அதே யு.சி.எல்.ஏ.வின் கூடைப்பந்து அணியை 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய வெற்றியாளராக்கியவர். ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. வூடன் முதலில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர். தம் பிள்ளைக்கு உயர்ந்த மதிப்பெண் வரவில்லையென்றால் ஆசிரியரையும் பிள்ளையையும் குறைசொல்லும் பெற்றோரைப் பார்த்து மனம் சலித்துப் போனார். 'வெற்றி என்றால் என்ன?' என்று தமக்கே ஒரு வரையறையை 1934இல் எழுதிக்கொண்டார். நம்மால் இயன்ற அளவுக்கு உயர, நம்மால் இயன்றது அனைத்தையும் செய்தோம் என்ற மனநிறைவே வெற்றி என்பது அதன் கருத்து. கிண்ணமும் மதிப்பெண்ணும் அதில் வரவே இல்லை, கவனித்தீர்களா?

பெற்றோர் சந்திப்பு நாளில் நாம் வாங்கும் அதே திட்டிலிருந்துதான் ஒரு பெரிய தத்துவம் பிறந்திருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மிஸ் வேல் அதைப் படித்துவிட்டு, 'இன்னொருவர் மாதிரி ஆக நான் ஏன் இவ்வளவு பாடுபடுகிறேன்?' என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அதன்பின் தமக்குத் தெரிந்ததைக் கொண்டே பயிற்றுவித்தார். அவருக்குத் தெரிந்தது நடனம், மேடை, மனிதர்கள். தாவும் நுட்பங்களைக் கவனிக்கத் தெரிந்த துணைப் பயிற்றுநர்கள் உடன் இருந்தார்கள். தெரியாததைத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

4. ஏழு கிண்ணங்கள்

1994ஆம் ஆண்டுப் பருவத்தோடு யு.சி.எல்.ஏ.வின் ஆடவர் சீருடற்பயிற்சி அணி மூடப்பட்டது. அது சாதாரண அணியன்று. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஆடவர் குழுவில் பீட்டர் விட்மர், மிட்ச் கேலர்ட், டிம் டகெட் என மூவர் இங்கு வளர்ந்தவர்கள். அந்தப் போட்டியும் இதே பல்கலைக்கழகத்தின் பாலி பெவிலியன் அரங்கில்தான் நடந்தது. அப்படிப்பட்ட அணிக்கே மூடுவிழா என்றால், எந்த அணிக்கும் நாளை என்பது உறுதி இல்லை.

மகளிர் அணி நிலைத்தது. மூன்றே ஆண்டுகளில், 1997இல், முதல் என்.சி.ஏ.ஏ. கிண்ணத்தை வென்றது. அதன்பின் 2000, 2001, 2003, 2004, 2010, 2018. ஆக மொத்தம் ஏழு. ஏழும் மிஸ் வேல் காலத்தில் வந்தவை. 2004இல் வென்றது சொந்த அரங்கில். 2010 ஏப்ரலில் ஆறாவது கிண்ணம் வந்தது. அதே ஆண்டு ஜூனில் வூடன் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

எண்களை மட்டும் மனப்பாடம் செய்தால் வரலாறு தெரிந்துவிடாது. அந்த அணிக்குள் வந்த மூன்று பெண்களின் கதையைப் பார்ப்போம்.

5. மோஹினி: 25 வயதில் ஒலிம்பிக்

மோஹினி பரத்வாஜ். பெயரைக் கேட்டதும் நம் காது நிமிர்கிறது அல்லவா? இந்தியத் தந்தைக்கும் ரஷ்யத் தாய்க்கும் அமெரிக்காவில் பிறந்தவர். 1996 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காமல் போனவர். யு.சி.எல்.ஏ.வில் சேர்ந்து 2000, 2001 ஆகிய இரண்டு கிண்ணங்களிலும் பங்கு பெற்றார்.

பொதுவாக, கல்லூரி முடிந்தால் ஜிம்னாஸ்டின் காலமும் முடிந்தது என்பார்கள். மோஹினி அப்படி விட்டுவிடவில்லை. பயிற்சிச் செலவுக்குப் பணமில்லை. பரிசுச் சீட்டு விற்றுக்கூடப் பணம் திரட்டினார். செய்தி அறிந்த நடிகை பமேலா ஆண்டர்சன் உதவிக்கு வந்தார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக். 15, 16 வயதுப் பிள்ளைகள் நிறைந்த விளையாட்டில் 25 வயதுக்காரர். அமெரிக்க அணிக்கு அவரே தலைவி. குழு இறுதிப் போட்டியில் பீமில் இறங்க வேண்டிய தோழிக்குக் காயம். கடைசி நேரத்தில் மோஹினி அந்த 10 சென்டிமீட்டர் கட்டையில் ஏறினார், விழாமல் முடித்தார். அணிக்கு வெள்ளிப் பதக்கம்.

6. பெங் பெங்: 0.0375 புள்ளி

கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டின் 'பெங் பெங்' லீக்கு 2012 லண்டன் ஒலிம்பிக் கனவு. அதே ஆண்டில் முழங்கால் தசைநார் அறுந்தது. கனவு போயிற்று. யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தார், முழங்கால் மீண்டும் சதி செய்தது. முதல் இரண்டு பருவங்கள் போட்டியே இல்லை. சக மாணவிகளுக்குக் கைதட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். காயத்தால் இழந்த காலத்துக்கு ஈடாக விதிப்படி ஆறாம் ஆண்டு அனுமதிக்கப்பட்டது.

அந்த ஆறாம் ஆண்டின் கடைசி நாள், 2018 ஏப்ரல் 21. செயின்ட் லூயிஸ் நகரில் இறுதிச் சுற்று. யு.சி.எல்.ஏ.வின் கடைசிக் கருவி பீம். ஆறு பேர் வரிசையில் ஆறாவது ஆள் பெங் பெங். முந்தி நின்ற ஓக்லஹோமா அணியின் மொத்தம் 198.0375.

இப்போது கணக்குப் போடுங்கள், மாணவர்களே. பெங் பெங் 9.95 வாங்கினாலும் போதாது. கிட்டத்தட்ட குறையே இல்லாத ஒரு செயல் வேண்டும். அவர் ஏறினார், முடித்தார், அசையாமல் இறங்கினார். நடுவர்கள் கொடுத்தது 10. அன்று பார்ஸிலும் அவருக்கு 10தான். யு.சி.எல்.ஏ.வின் மொத்தம் 198.0750. வித்தியாசம் 0.0375. ஏழாவது கிண்ணம்.

ஆறு பேரில் ஐவர் புள்ளிதான் சேரும் என்று முன்பு பார்த்தோமே, அதன் பொருளும் இங்கே விளங்கும். கடைசி ஆள் வென்று கொடுக்க வேண்டுமென்றால், முன்னே இறங்கியவர்கள் அவரை வெல்லக்கூடிய தூரத்தில் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும்.

7. ஓஹாஷி: சிரித்துக்கொண்டே வாங்கிய பத்து

உங்களில் பலர் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். 2019 ஜனவரி 12, கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரம். கேட்லின் ஓஹாஷி தரைப் பயிற்சி செய்கிறார். ஆடுகிறார், தாவுகிறார், வாய்விட்டுச் சிரிக்கிறார். ஓரத்தில் நிற்கும் தோழிகளும் அதே அசைவுகளை ஆடுகிறார்கள். முடிவில் 10. சில நாள்களில் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது பலருக்குத் தெரியாது. ஓஹாஷி 2013இல் 'அமெரிக்கன் கப்' போட்டியில் சிமோன் பைல்ஸையே இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவர். ஒலிம்பிக் நட்சத்திரம் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். முதுகிலும் தோளிலும் காயங்கள். உடல் எடை பற்றிய ஏச்சுப்பேச்சு. தம் உடலையே வெறுக்கும் நிலைக்குப் போனதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தபோது அவருக்கு மறுபடியும் 'பெரிய ஆள்' ஆக விருப்பமில்லை. பெரிய ஆளாக இருந்தபோதுதானே அத்தனை துன்பமும் வந்தது!

மிஸ் வேல் அவரைத் துரத்தவில்லை, காத்திருந்தார். வெற்றியையும் துன்பத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்த பிள்ளைக்கு, அந்த முடிச்சை அவிழ்க்க நேரம் கொடுத்தார். 2018இல் ஓஹாஷி தரைப் பயிற்சியில் தேசிய முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு வந்ததுதான் அந்தக் காணொளி.

8. வெற்றி மறைத்த வேதனை

இனி எழுதப்போவது எளிதன்று. ஆனாலும் இதை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அமெரிக்கத் தேசிய அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் பெண்களையும் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார். 2016 செப்டம்பரில் பெயர் வெளியிடாமல் அவர்மீது வழக்குத் தொடுத்தவர், 2000 ஒலிம்பிக் வீராங்கனையும் யு.சி.எல்.ஏ.வின் முன்னாள் மாணவியுமான ஜேமி டான்ட்ஷர். பின்னர் தம் பெயரை வெளிப்படையாகவே சொன்னார். 2018இல் நாசருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2018 கிண்ணம் வென்ற அணியில் இரண்டு ஒலிம்பிக் தங்க வீராங்கனைகள் இருந்தார்கள்: 2012 லண்டனில் வென்ற கைலா ராஸ், 2016 ரியோவில் வென்ற மேடிசன் கோசியன். ஒலிம்பிக் தங்கம், உலகப் போட்டித் தங்கம், கல்லூரிக் கிண்ணம் மூன்றும் இருவரிடமும் இருந்தன. அந்த வெற்றி முடிந்து நான்கு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு ஆகஸ்டில், தாங்களும் நாசரால் பாதிக்கப்பட்டவர்கள் என்று இருவரும் வெளியே சொன்னார்கள்.

பதக்கம் வாங்கிய பிள்ளை நன்றாகத்தான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பே பல ஆண்டுகள் உண்மையை மூடி வைத்தது. கண்டிப்பு என்ற பெயரில் பிள்ளைகளை வாய் திறக்கவிடாத ஒரு பயிற்சி முறை, குற்றவாளிக்கு எவ்வளவு வசதியாகிவிட்டது பாருங்கள்.

9. பிறகு என்ன ஆயிற்று?

2019இல் மிஸ் வேல் ஓய்வு பெற்றார். அதன்பின் எல்லாம் நன்றாகவே நடந்ததா என்றால், இல்லை. 2022இல் அணிக்குள் இனப் பாகுபாடு தொடர்பான குற்றச்சாட்டு எழுந்தது. நாங்கள் சொன்னதை நிர்வாகம் சரியாகக் கேட்கவில்லை என்று மாணவிகள் வெளிப்படையாகவே பேசினார்கள். அந்த ஆண்டே தலைமைப் பயிற்றுநர் விலகினார். பேர் பெற்ற இடம் என்பதால் செவிசாய்க்கும் பழக்கம் தானாக நிலைத்துவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

2022இல் ஜனெல் மெக்டோனல்ட் பொறுப்பேற்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஜோர்டன் சைல்ஸ் 2023இல் பார்ஸிலும் ஃப்ளோரிலும் தேசிய முதலிடம் பெற்றார். 2025 இறுதிச் சுற்றில் அணி ஓக்லஹோமாவுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தது.

இன்னொரு மாற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் விளம்பரத்தில் பணம் வாங்கினால் கல்லூரி அணியில் விளையாட முடியாது. சிமோன் பைல்ஸ் யு.சி.எல்.ஏ.வில் சேர ஒப்புக்கொண்டிருந்தும் 2015இல் தொழில்முறை வீராங்கனையானதால் கல்லூரிக்காக விளையாட முடியாமல் போயிற்று. 2021 ஜூலையில் விதி தளர்ந்தது. இன்று ஒலிம்பிக் பதக்கமும் விளம்பர வருமானமும் கல்லூரி அணியும் ஒரே பெண்ணுக்குக் கைகூடும்.

முடிவாக

என் வலைப்பந்துக் கதையை முடிக்காமல் விட்டேன் அல்லவா?

அந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் எங்கள் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அது பெரிதல்ல. போட்டி முடிந்து பேருந்தில் திரும்பும்போது, கடைசி இருக்கையில் ஒரு மாணவி காலுறையைக் கழற்றினாள். கணுக்கால் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. "எப்பம்மா அடிபட்டுச்சு?" என்றேன். "போன வாரம் பயிற்சியில டீச்சர்." "ஏன் சொல்லல?" அவள் பதில் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் மெல்லச் சொன்னாள்: "நீங்க திட்டுவீங்கன்னு டீச்சர்."

தெரியாததை மறைக்க நான் போட்ட சத்தம், ஒரு பிள்ளையை ஒரு வாரம் வலியோடு ஓட வைத்திருக்கிறது. அடுத்த வாரம் அணியைக் கூப்பிட்டு, "எனக்கு இந்த விளையாட்டு அவ்வளவாத் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றேன். நாங்கள் கிண்ணம் ஒன்றும் வெல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கால் வலித்தால் வலிக்கிறது என்று சொன்னார்கள்.

யு.சி.எல்.ஏ. அணியின் வரலாற்றில் ஏழு கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னால், ஓர் ஆசிரியை இரண்டு மணி நேரம் வாய் பேசாமல் உட்கார்ந்து கேட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்க விரும்புவது அந்தக் கூட்டத்தைத்தான்.

மாணவர்களுக்கான காலவரிசைக் குறிப்பு

1971: ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தோற்றம்
1972: டைட்டில் நைன் சட்டப்பிரிவு
1980: ஷாரன் ஷபீரோவின் ஐந்து முதலிடங்கள்
1982: முதல் என்.சி.ஏ.ஏ. மகளிர் போட்டி
1990-91: வேலரி கோண்டோஸ் தலைமைப் பயிற்றுநர்
1994: யு.சி.எல்.ஏ. ஆடவர் அணியின் கடைசிப் பருவம்
1997: மகளிர் அணியின் முதல் கிண்ணம்
2018: ஏழாவது கிண்ணம்
2019: மிஸ் வேல் ஓய்வு

சிந்திக்க, எழுத

1. ஒரு சட்டம் விளையாட்டுத் துறையை எவ்வாறு மாற்ற முடியும்? டைட்டில் நைன் சட்டத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. 'வெற்றி என்பது மனநிறைவே.' ஜான் வூடனின் கருத்தோடு நீ உடன்படுகிறாயா? உன் பள்ளி அனுபவத்திலிருந்து சான்று காட்டி எழுதுக.
3. கண்டிப்புக்கும் அச்சுறுத்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது? இக்கட்டுரையிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.

இரண்டாம் வினாவை வகுப்பில் முதலில் வாய்மொழியாகப் பேசவிட்டுப் பிறகு எழுதச் சொன்னால் நல்லது. பேசும்போது நாம் குறுக்கிடாமல் இருந்தால், இன்னும் நல்லது.